கோலத்தில் விழுந்த எண்ணெய்ப் புள்ளி

வண்டி வாகனம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை சர்வீஸுக்கு விட்டேன், கெடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன். டிராக்டர் பேட்டரி பற்றிக் கேட்டிருந்த வெள்ளக்கோவில் நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் காங்கேயத்தில் பள்ளி ஆசிரியை. எங்களுடையது ஐந்து வருடமான பெட்ரோல் கார், 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கியதிலிருந்து கோவையில் அதே டீலரின் சர்வீஸ் சென்டரில்தான் விடுகிறோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆயில், ஃபில்டர் மாற்றி, 7,850 ரூபாய் கட்டி எடுத்து வந்தோம். திங்கட்கிழமை காலையில் என் மாமியார், “ஏ அம்மிணி, கோலத்து மேல உங்க காரு எண்ணெய ஒழுக்கி வெச்சிருக்குது பாரு” என்றார். போர்ட்டிகோ தரையில் பெயிண்டில் போட்ட கோலம் அது. ஏ.சி. தண்ணீராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை தாராபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போனபோது, ஊதியூர் தாண்டியதும் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. வழியில் மெக்கானிக் யாராவது இருப்பார்கள் என்று நாலு கிலோமீட்டர் ஓட்டினேன். கடகடவென்று சத்தம் வந்து வண்டி நின்றுவிட்டது. அடியில் முழுக்க எண்ணெய். ஆயிலை வடிக்கும் போல்ட் கையால் திருகினாலே சுற்றியது. என் வீட்டுக்காரர் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். ரெக்கவரி வண்டியில் ஏற்றி அதே சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். “கல் அடித்துப் போல்ட் லூஸாகியிருக்கிறது. விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியது உங்கள் தப்பு. எஞ்சின் வேலைக்கு 1,32,000 ஆகும், பாதியை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். இல்லாவிட்டால் கல் அடித்ததாக எழுதி இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டுவிடலாம்” என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் டீச்சர். பாதிப் பணத்துக்கான காகிதத்தில் இப்போதைக்கு வேண்டாம். இன்சூரன்ஸ் படிவத்தில் எப்போதுமே வேண்டாம்.

முதலில் அந்த இன்சூரன்ஸ் யோசனையைப் பார்ப்போம். கேட்பதற்கு இனிப்பாக இருப்பது அதுதான். “உங்க கைக்காசு போகாதுங்க மேடம்” என்றும் சொல்லியிருப்பார்களே? நானும் கோவையில் ஒரு டீலர் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன்தான். இந்த வசனம் எந்த மேசையிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியும். கிளெய்ம் படிவத்தில் “கல் அடித்தது” என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போவது அவர்கள் இல்லை, நீங்கள். அந்த ஒரு வரியோடு ஒர்க்‌ஷாப்பின் தப்பு காணாமல் போய்விடும். நாளைக்கு எங்கே போய் முறையிட்டாலும், “கல் அடிச்சுதுன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே” என்று அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. நடக்காத விபத்தை நடந்ததாக எழுதுவது பொய்க் கிளெய்ம். சாதாரண பாலிசி வெளியிலிருந்து வரும் விபத்துச் சேதத்துக்குத்தான். எண்ணெய் வடிந்து எஞ்சின் உள்ளே தேய்ந்ததற்கு, எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகப் பணம் கட்டி வாங்கியிருந்தால்தான் பேச்சே. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் குனிந்து பார்த்துவிட்டு “இதில் அடிபட்ட தடமே இல்லையே” என்று எழுதிவிட்டுப் போனால், பொய் சொன்ன பெயர் மட்டும் உங்களுக்கு மிஞ்சும்.

அடுத்தது கல். முப்பது வருஷத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். கல் அடித்து எண்ணெய்த் தொட்டி நசுங்கிப் பார்த்திருக்கிறேன். விரிசல் விட்டுப் பார்த்திருக்கிறேன். வால்பாறை மலையில் பாறையில் இடித்து ஓட்டையே விழுந்து ஏற்றிக்கொண்டு வந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். கல் ஸ்பானர் பிடித்துப் போல்ட்டைக் கழற்றி மட்டும் பார்த்ததில்லை.

ஆயில் சம்ப் என்பது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி. அதில் எண்ணெயை வடிக்கும் போல்ட் பெரும்பாலான வண்டிகளில் முன்பக்கம் பார்த்து இருக்காது, பின்பக்கமோ பக்கவாட்டிலோ திரும்பியிருக்கும். எதிரே தெறிக்கிற கல் நேராகப் போய் அதில் விழுவது கஷ்டம். விழுந்திருந்தால் போல்ட்டின் தலையில் உலோகம் நசுங்கிப் பளபளவென்று ஒரு காயம் தெரியும். பக்கத்தில் சம்ப் தகட்டில் குழி இருக்கும், பெயிண்ட் உரிந்திருக்கும். கையால் திருகினால் சுற்றுகிற அளவுக்கு லூஸாக இருந்து, தலையும் சுத்தமாக, மரையும் சேதமில்லாமல் இருந்தால், அந்தப் போல்ட்டை யாரும் முறுக்கவே இல்லை என்று அர்த்தம். கையால் ஏற்றியதோடு நின்றிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமைதான் எல்லோருக்கும் லீவு, எல்லா வண்டியும் அன்றைக்குத்தான் வரும். ஒரு பையன் எண்ணெயை வடித்துவிட்டுப் போல்ட்டை விரலால் நாலு சுற்றுச் சுற்றி வைப்பான், கீழே சொட்டாமல் இருக்கட்டும் என்று. சரியான அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் பக்கத்து வண்டியில் இருக்கும். எடுக்கப் போவான். அதற்குள் அட்வைசர் கூப்பிடுவார், அல்லது சாப்பாட்டு மணி அடிக்கும். வேறொரு பையன் வந்து வண்டியை இறக்கி மேலே புது எண்ணெயை ஊற்றுவான். போல்ட் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது, பார்த்தால் எதுவும் தெரியாது. இதற்காகத்தான் முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும் என்று நாங்கள் வழக்கம் வைத்திருந்தோம். கோடு இல்லாத வண்டி லிஃப்ட்டை விட்டு இறங்கக்கூடாது. உங்கள் வீட்டுக்காரர் எடுத்த படத்தில் அப்படி ஒரு கோடு தெரிகிறதா, பெரிதாக்கிப் பாருங்கள்.

இனி வாஷர். போல்ட்டுக்கும் சம்புக்கும் நடுவில் ஒரு சின்ன வளையம் இருக்கும், பல வண்டிகளில் செம்பிலோ அலுமினியத்திலோ. முறுக்கும்போது அது நசுங்கி எண்ணெயை அடைத்துக்கொள்ளும். ஒருமுறை நசுங்கியதைத் திரும்பப் போடக்கூடாது, ஒவ்வொரு தடவையும் புதுசு போட வேண்டும். விலை ஒரு டீ, வடை காசு. உங்கள் பில்லை எடுத்து உதிரிபாக வரிசையைப் படியுங்கள். ஆயில், ஃபில்டரோடு டிரெய்ன் வாஷர் அல்லது கேஸ்கெட் என்று ஒரு வரி இருக்கிறதா? இல்லையென்றால் பழைய வாஷரையே போட்டிருக்கிறார்கள். வரி இருந்து, போல்ட்டில் இருப்பது பழைய வாஷர் என்றால், காசை வாங்கிக்கொண்டு போடவில்லை. புது வாஷரை முறுக்கியிருந்தால் அதன் முகத்தில் சுற்றிலும் ஒரே சீரான ஒரு தடம் இருக்கும். பழையதில் ஒன்றின் மேல் ஒன்று விலகிய இரண்டு தடம் இருக்கும். முறுக்கவே இல்லையென்றால் புது வாஷர் கடையிலிருந்து வந்த மாதிரியே மழுமழுவென்று கிடக்கும். நகத்தால் தடவினாலே தெரிந்துவிடும்.

ஆனால் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய சாட்சியாகத் தெரிவது உங்கள் மாமியார் காட்டிய கோலம்தான். திங்கட்கிழமை காலையிலேயே எண்ணெய் சொட்டியிருக்கிறது. அவர்கள் சொல்கிற கல் புதன்கிழமை தாராபுரம் ரோட்டில் அல்லவா அடித்தது? ஏ.சி. தண்ணீர் காய்ந்தால் தடம் இருக்காது. எண்ணெய் சிமெண்டில் ஊறி அப்படியே நிற்கும். தயவுசெய்து சர்ஃப் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகளைக் கோலத்தோடு சேர்த்து, பின்னால் வீட்டு வாசல் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தப் பதிவு போய்விடும், அதனால் மூலப் படங்களை, முக்கியமாக ரோட்டில் எடுத்ததை, அழிக்காமல் வைத்திருங்கள். வீட்டில் சிசிடிவி இருந்தால் பதிவு தானாக அழிவதற்குள் எடுத்து வையுங்கள்.

சரி, உங்கள் பக்கத்துத் தப்பையும் பேசிவிடுவோம். அலாவுதீன் விளக்கு மாதிரி, நுனியில் ஒரு சொட்டோடு சிவப்பில் எரிவது எண்ணெய் அழுத்த விளக்கு. தொட்டியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. எஞ்சினுக்குள் எண்ணெய் போய்ச் சேரவில்லை என்று சொல்லும். கிராங்க் ஷாஃப்ட் என்பது எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு. எஞ்சின் ஓடும்போது அதைத் தாங்கும் பேரிங்கில் உலோகமும் உலோகமும் நேராகத் தொடுவதே கிடையாது. நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் தாங்கிக்கொண்டிருக்கும். அழுத்தம் போனால் படலம் போய்விடும், அப்புறம் இரும்பை இரும்பு தின்னும். 60 வேகத்தில் நாலு கிலோமீட்டர் என்றால் நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில்தான் பேரிங் தட்ட ஆரம்பித்திருக்கிறது. விளக்கைப் பார்த்த உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தியிருந்தால் ஒருவேளை போல்ட்டும் எண்ணெயுமாகவே முடிந்திருக்கலாம். இதை அவர்கள் உங்களுக்கு எதிராகச் சொல்வார்கள், சொல்வதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் இதை மறைக்காதீர்கள். “உடனே நிறுத்திவிட்டேன்” என்று ஒரு இடத்தில் எழுதி, பிறகு அது இல்லை என்று தெரிந்தால் உங்களுடைய மற்ற உண்மைகளும் பொய்யாகிவிடும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். விளக்கு எரியக் காரணம் யார் என்பதுதான் முதல் கேள்வி, எவ்வளவு தூரம் ஓட்டினார்கள் என்பது இரண்டாவது.

இப்போது உடனே செய்ய வேண்டியது ஒன்று. வண்டி அவர்கள் இடத்தில் நிற்கிறது. நீங்கள் இல்லாதபோது எஞ்சினைப் பிரித்துவிட்டால் போல்ட்டும் வாஷரும் எந்தக் குப்பைத் தொட்டியில் போகும் என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்ன ஜாப் கார்டு (வேலை விவரச் சீட்டு) எண்ணில் சர்வீஸ் ஆனது, இன்ன தேதியில் நின்றது, என் முன்னிலையில் அல்லாமல் எஞ்சினையோ சம்பையோ பிரிக்கக்கூடாது, கழற்றிய எல்லாப் பாகங்களையும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும், சர்வீஸ் செய்தவரும் இறுதிப் பரிசோதனை செய்தவரும் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டின் நகல் வேண்டும். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை வைக்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் அதையே மின்னஞ்சலில் போடுங்கள். டீலர் தனி, நாங்கள் தனி என்று கம்பெனி சொல்லும், சொல்லட்டும். ஆனால் கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் ஒருவர் இருப்பார், அவர் ஒரு போன் போட்டால் டீலரின் குரல் மாறும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நானே பார்த்தது. “ஒப்புதல் தராமல் வண்டியைப் போட்டிருக்கிறீர்கள், நாள் ஒன்றுக்கு இவ்வளவு பார்க்கிங்” என்று மிரட்டவும் செய்வார்கள். பிரச்சினை தீராததால்தான் வண்டி நிற்கிறது, தாமதம் என்னுடையது அல்ல என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பிரிக்கிற அன்று கூட ஒரு ஆள் வேண்டும். உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர்கள் கோவை, திருப்பூர், ஈரோட்டில் இருக்கிறார்கள், தனியாகக் கட்டணம் கொடுத்தால் வந்து பார்த்து அறிக்கை எழுதித் தருவார்கள். உங்கள் ஊர் மெக்கானிக் நல்லவராக இருந்தாலும், காகிதத்தில் எடைபோடும்போது சர்வேயர் அறிக்கைக்குத்தான் மதிப்பு.

வேலையைப் பற்றி. “ஃபிளஷ் பண்ணிப் புது எண்ணெய் ஊத்திப் பார்க்கலாங்க மேடம், சத்தம் போனாலும் போயிரும்” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தேய்ந்த பேரிங்கின் தூள் எண்ணெயோடு போய் எல்லாத் துவாரத்திலும் உட்கார்ந்திருக்கும். சத்தம் ஒரு மாதம் அடங்கி, வாரண்டி பேச்செல்லாம் முடிந்த பிறகு திரும்ப வரும். கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவை எழுத்தில் தர வேண்டும். அளவுக்கு மேல் தேய்ந்திருந்தால் கம்பெனி எஞ்சின் அசெம்பிளி கேளுங்கள். எஞ்சினின் உடலான பிளாக்கே மாறினால் எஞ்சின் நம்பரும் மாறும், ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆர்.சி.யில் ஏற்றி, இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிற டீலர்கள் உண்டு, வண்டியை விற்கப் போகும்போதுதான் வம்பு தெரியும். அந்தச் செலவும் அலைச்சலும் அவர்கள் கணக்கில் வர வேண்டும்.

பாதிப் பணத்துக்கே அவர்கள் பிடிவாதமாக நின்று, உங்களுக்கும் கார் அவசரம் என்றால், கட்டி எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் “முழு திருப்தியுடன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு காகிதம் நீட்டுவார்கள். அதில் போடாதீர்கள். பணம் கட்டுகிற ரசீதிலேயே “ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறமும் மசியவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்: வண்டியை விட்டது கோவையானாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். காங்கேயம் திருப்பூர் மாவட்டம், ஆகவே கோவைக்கு அலைய வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து பாருங்கள், சில டீலர்கள் அதற்கே இறங்கி வருவார்கள். ஆணையத்தில் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். சட்டத்தில் மூன்று மாதம், ஐந்து மாதம் என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். ஆனால் கையில் கோலத்தின் படமும், வாஷரும், முத்திரை வைத்த கடிதமும் இருக்கிறவரோடு வழக்காட எந்த டீலரும் பிரியப்பட மாட்டார்.

வாஷரை ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். பேனாவோடு சேர்த்துப் பையில் போட்டு வைத்தால் புதுத் தடம் விழுந்துவிடும்.

கேள்வி: சர்வீஸ் முடித்து வந்த காரில் எண்ணெய் அளக்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பார்த்தேன். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை எண்ணெய் இருக்கிறது. “கூட இருந்தா நல்லதுதானுங்க” என்கிறார் அட்வைசர். நல்லதுதானா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இல்லை. எண்ணெய் மட்டம் ரொம்ப ஏறினால் கிராங்க் அதற்குள் முங்கி அடித்து, மோர் கடைந்த மாதிரி நுரைக்க வைத்துவிடும். நுரை பேரிங்கைத் தாங்காது. சீல்களும் கசிய ஆரம்பிக்கும். ஆனால் முதலில் சரியாக அளந்தீர்களா என்று பாருங்கள்: சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் விட்டு, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுக்க வேண்டும். தோட்டத்துச் சாளையில் சரிவில் நிறுத்தி அளந்தால் எதுவும் கணக்கில்லை. அப்படியும் மேலே இருந்தால் திரும்பப் போய் வடித்துத் தரச் சொல்லுங்கள். “நல்லது” என்றவரிடம் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள், அவரே வடித்துக் கொடுத்துவிடுவார்.

கேள்வி: 20,000 கிலோமீட்டர் சர்வீஸ் முடிந்த மறுநாளே மஞ்சளாக எஞ்சின் விளக்கு எரிகிறது. சிக்னலில் நின்றால் எஞ்சின் சத்தம் ஏறி இறங்குகிறது. திரும்பக் கொண்டுபோனால் ஏதோ ஒரு பாகம் மாற்ற வேண்டும், 18,000 ரூபாய் என்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

பதில்: நேற்று வரைக்கும் நன்றாக இருந்த பாகம் சர்வீஸ் ஆன மறுநாள் செத்துப்போவது அபூர்வம். அன்றைக்கு எதன் மேல் கை பட்டதோ அதை முதலில் பாருங்கள். பானட்டைத் திறந்தால் ஏர் ஃபில்டர் பெட்டி தெரியும். அதைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். சுற்றிலும் உள்ள கிளிப் எல்லாம் பூட்டியிருக்கிறதா? பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளாம்ப் இறுக்கமா? பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சென்சாரில் ஒயர் கனெக்டர் செருகியிருக்கும். “டிக்” என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பாருங்கள். பாதி செருகிய கனெக்டரால் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வருகிறது என்ற கணக்கே தெரியாமல் போகும், அது தடுமாறி ஏறி இறங்கும்.

சிவப்பு விளக்கு மாதிரி இது உடனே நிறுத்த வேண்டியது இல்லை, மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஓட்டாதீர்கள். 18,000 கேட்கிறவர்களிடம் ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டு எண்ணை எழுதி வாங்குங்கள். பி0102 என்றால் காற்று சென்சாரின் மின்சுற்றுச் சங்கதி, பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்ற புகார். இரண்டுமே கழன்ற கனெக்டரிலும் கழன்ற குழாயிலும் வரும். குறியீட்டு எண் என்பது எந்த அறையில் புகை வருகிறது என்று சொல்வது, யார் கொளுத்தினார்கள் என்று சொல்வதில்லை. அதைப் பார்த்த உடனே பாகத்தை மாற்றச் சொல்பவரை விட்டு, அறைக்குள் போய்ப் பார்க்கிறவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மாதாமாதம் சர்வீஸ் சென்டர்களையே குறை சொல்கிறீர்களே, உங்கள் கையால் எந்த வண்டியும் கெட்டதில்லையா? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கோபிக்காரர் குத்தினால் ஆழமாகத்தான் குத்துவார். கெட்டிருக்கிறதுங்க. 1993. அப்போது ஈரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். மஞ்சள் வியாபாரி ஒருவரின் மாருதி 800, ஆயில் சர்வீஸ். பழைய ஃபில்டரைக் கழற்றினேன். ஃபில்டர் வந்துவிட்டது, அதன் ரப்பர் வளையம் வரவில்லை, எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. கறுப்பு இரும்பில் கறுப்பு ரப்பர். விரலால் ஒரு தடவு தடவியிருந்தால் தெரிந்திருக்கும், தடவவில்லை. அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றி முறுக்கிவிட்டேன். வளையத்தின் மேல் வளையம். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசிவு இல்லை. திருப்தியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

மறுநாள் காலை அவர் கோவைக்குக் கிளம்பி, விஜயமங்கலம் தாண்டி வேகம் எடுத்ததும் அழுத்தத்தில் மேல் வளையம் பிதுங்கி, எண்ணெய் முழுக்க ரோட்டில். அவர் விளக்கைப் பார்த்தார், அந்த இடத்திலேயே சாவியைத் திருப்பி அணைத்தார். கொஞ்ச தூரம் நடந்து போய் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டார். முதலாளி ஒரு ஆயில் கேனும் ஃபில்டரும் எடுத்து ஜீப்பில் வைத்து, “ஏறுடா” என்றார்.

போய்ப் பழைய வளையத்தை நானே என் கையால் உரித்து எடுத்தேன். முதலாளி அதை வாங்கி வியாபாரியிடம் காட்டினார். “பையன் இதைக் கவனிக்காம விட்டுட்டானுங்க. என் தப்புன்னே வெச்சுக்கங்க” என்றார். புது ஃபில்டர், புது எண்ணெய் போட்டு ஸ்டார்ட் பண்ணி, திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். சத்தம் எதுவும் இல்லை. உடனே நிறுத்தியதால் பேரிங் தப்பியிருந்தது. இருந்தாலும் ஜீப்பிலிருந்து லெட்டர்பேடை எடுத்து பானட்டின் மேல் வைத்து, ஒரு வருஷத்துக்குள் எஞ்சினில் சத்தம் வந்தால் செலவு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தார். வியாபாரி அதைப் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது முதலாளி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெருந்துறையில் நிறுத்தி டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த மனிதர் வேறு ஒர்க்‌ஷாப் போவார் என்று நினைத்தேன். அடுத்த சர்வீஸுக்கும் எங்களிடமே வந்தார். ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். ஃபில்டரைக் கழற்றியதும் கையை நீட்டி, “பழைய ரிங்கு எங்க தம்பி? எடுத்துக் காட்டிப்போட்டுப் புதுச மாட்டு” என்றார்.